விரிசலுக்குத் தேதி இல்லை

முன்பு குடியிருந்த வீட்டின் படுக்கையறையில், ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரையை நோக்கி ஒரு விரிசல் ஓடியது. ஒரு முழ நீளம், நூல் கனம். நகத்தால் தடவினால் சிக்கும், அவ்வளவுதான். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுத் தள்ளி ஒரு கல்குவாரி இருந்தது. மதிய வேளையில் சைரன் ஊதுவார்கள். கொஞ்ச நேரத்தில், தரைக்கு அடியில் யாரோ கனத்த பீரோவை இழுத்து நகர்த்துவது போல ஓர் உறுமல் வரும். ஜன்னல் கண்ணாடி கிணுகிணுக்கும். அப்புறம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்த விரிசலுக்கு யார் காரணம் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஒருநாள் குவாரி அலுவலகத்துக்குப் புகார் சொல்லப் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர்களோ நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நான் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்த மேலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த விரிசல் எப்ப விழுந்துச்சு சார்?"

பதில் இல்லை. வீட்டுக்கு வந்து விசாரித்தேன். மூத்தவன் பள்ளியில் சேர்ந்த வருஷம் என்றாள் மனைவி. அதற்கும் முன்னால், கூரை ஒழுகிய வருஷத்திலேயே பார்த்தேன் என்றார் அம்மா. நானோ போன வருஷம் விழுந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு முழ விரிசலுக்கு ஒரே வீட்டில் மூன்று பிறந்தநாள். அந்த அலுவலகத்துப் பக்கம் மறுபடி நான் போகவில்லை.

இப்போது இருக்கும் இடத்தில் குவாரி கிடையாது. வரப்போகிறது என்கிறார்கள். ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பாறைக் குன்றை உடைக்க விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் ஒருமுறை நடந்தது. பாதியிலேயே கூச்சலில் முடிந்தது. இன்னொன்று நடத்துவார்களாம். அந்த முதல் கூட்டத்தில் இரண்டரை மணி நேரம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் "ஆறு செத்துப்போகும்" என்றார்கள். மறுபக்கம் "ஒரு சொட்டுத் தண்ணீருக்கும் பாதிப்பு வராது" என்றார்கள். இரண்டு பேருமே நாளைக்கு நடக்கப்போவதை நேற்றுப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரிப் பேசினார்கள். எனக்கு அந்த மேலாளரின் கேள்விதான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

அதிர்வு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் எனக்குச் சொந்தக் கணக்கு இருக்கிறது. பாறையில் வரிசையாகத் துளை போட்டு, அதில் அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் கலந்த வெடிமருந்தை நிரப்புவார்கள். எடைக்கு 94 பங்கு நைட்ரேட், 6 பங்கு டீசல். எல்லாத் துளையும் ஒரே சமயத்தில் வெடிப்பதில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில மில்லிநொடிகள் இடைவெளி விட்டு அடுத்தடுத்து வெடிக்கவைப்பார்கள். காதுக்கு ஒரே சத்தமாகக் கேட்டாலும் உள்ளே அது சரவெடி. அதனால் மொத்தம் எத்தனை கிலோ வெடித்தார்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஒரு தடவைக்கு, அதாவது அந்தச் சில மில்லிநொடிக்குள், எத்தனை கிலோ வெடித்தது என்பதுதான் வீட்டுச் சுவருக்கு வந்து சேரும் அதிர்வைத் தீர்மானிக்கிறது. தூரம் இரட்டித்தால் அதிர்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். இது பொதுக் கணக்கு. நடுவில் இருக்கும் மண்ணையும் பாறையையும் பொறுத்து மாறும்.

அந்த அதிர்வை நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறார்கள். அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1980-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வெடியால் வீடுகள் எப்போது விரிசல் விடுகின்றன என்று ஆராய்ந்த அறிக்கை. பழைய பூச்சுச் சுவர் என்றால், மெதுவாக ஆடும் அதிர்வில் 12.7 மில்லிமீட்டர் வரை ஆபத்தில்லை, வேகமாக ஆடும் அதிர்வு என்றால் 50 வரை தாங்கும் என்றது. பல நாடுகளில் இன்றும் இந்த எண்களை வைத்துத்தான் வாதாடுகிறார்கள். ஆனால் மனித உடம்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அதிர்வையே கண்டுபிடித்துவிடும். போதாததற்கு, வெடியின் காற்றலை ஜன்னலை ஆட்டும்போது வீடே ஆடுவதாக நாம் எடுத்துக்கொள்வோம்.

இதைப் படித்த அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வீடு ஆடியது என்று நான் சொன்னதும் உண்மை. அதனால் சுவர் விரிசல் விட்டிருக்காது என்று அவர்கள் நினைத்ததும் உண்மையாக இருக்கலாம். வெயிலுக்கும் ஈரத்துக்கும் சுவர் விரிந்து சுருங்குவதே வருஷக் கணக்கில் விரிசலை வளர்க்கும். ஆனால் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு "உங்கள் பயம் வீண்" என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தினமும் மதியம் தூக்கத்திலிருந்து அலறி எழும் குழந்தைக்கு எந்த மில்லிமீட்டர் அளவு வைத்திருக்கிறார்கள்?

தூசியைப் பற்றி ஒன்றே ஒன்று. இலைமேல் வெள்ளையாகப் படிகிறதே, அதைக் காட்டித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் தூசி பெரும்பாலும் அருகிலேயே விழுந்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது 4 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகள். அது கண்ணுக்குத் தெரியாது. பாறையில் இருக்கும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-இல் வகைப்படுத்தியது. அந்தத் தூசியால் நுரையீரல் தழும்பேறும் சிலிக்கோசிஸ் வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. இதில் முதலில் அகப்படுகிறவர் துளை போடும் இயந்திரத்தைப் பிடித்திருப்பவரும் கிரஷர் பக்கத்தில் நிற்பவரும்தான். கூட்டத்தில் அவர்கள் வேலை வேண்டும் என்று கேட்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். துளையிடும்போது தண்ணீர் விடுவீர்களா, கிரஷருக்கு மூடி போடுவீர்களா என்று அவர்களுக்காகக் கேட்க இரண்டு தரப்பிலும் ஆள் இல்லை. நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம். கூட்டம் கலைந்ததே இதில்தான்.

கருங்கல் பாறைக்குள் தண்ணீர் எப்படி இருக்கும் என்று பலர் சிரித்தார்கள். பாறை நெருக்கமானது, அதற்குள் தண்ணீர் ஊறாது என்பது சரி. ஆனால் பாறைக்குப் பிளவுகள் உண்டு. மேலே மக்கிப்போன பாறை சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர் வரை இருக்கும். மழைத் தண்ணீர் அதில் தேங்கி, கீழே பிளவுகள் வழியாக இறங்கும். நம் கிணற்று ஊற்றுக்கண் என்பது அப்படியொரு பிளவின் வாய்தான். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்று வற்றி ஒன்று வற்றாமல் இருப்பதன் ரகசியமும் இதுவே. எந்தப் பிளவு எதனோடு சேருகிறது என்பது மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

குவாரிக் குழி நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே நின்றுவிட்டால் பெரிய வம்பில்லை. அதற்குக் கீழே போனால் குழிக்குள் தண்ணீர் ஊறும். வேலை நடக்க வேண்டுமே, பம்ப் வைத்து இறைப்பார்கள். இறைக்க இறைக்கச் சுற்றுவட்டாரத்து நீர்மட்டம் புனல் வைத்தது போலக் குழியை நோக்கிச் சரியும். அந்தப் புனல் எவ்வளவு தூரம் விரியும் என்பதுதான் சண்டையே. நெருக்கமான பாறையில் சில நூறு மீட்டரிலேயே நின்றுவிடலாம். ஒரு பெரிய பிளவு மாட்டிக்கொண்டால் ஒரே திசையில் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போகலாம். சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் கதையே வேறு. தண்ணீரே அரித்துச் செய்த குகைகளும் குழாய்களும் அதற்குள் இருக்கும்.

ஆறு இதில் எங்கே வருகிறது? மழை நின்று பல வாரம் கழித்தும் ஆற்றில் ஓடுகிற தண்ணீர் பெரும்பாலும் கரையோர நிலத்துக்குள்ளிருந்து கசிந்து வருவதுதான். அந்தக் கசிவைக் குழி பிடுங்கிக்கொண்டால் கோடையில் ஆறு மெலியும். "நாங்கள் இறைக்கும் தண்ணீரை ஆற்றில்தானே விடப்போகிறோம், ஆற்றுக்கு லாபம்தான்" என்றார் விண்ணப்பத் தரப்பில் ஒருவர். கேட்க நியாயமாக இருந்தது. இறைத்து விடும் வரை ஆற்றில் தண்ணீர் இருக்கும் என்பதும் நிஜம். பம்ப் நிற்கும் நாளில் குழி முதலில் தன்னை நிரப்பிக்கொள்ளும், அப்புறம்தான் ஆறு. அதோடு குழித் தண்ணீரில் கல்மாவு கலந்திருக்கும். வண்டல் தொட்டியில் அதை முழுக்கத் தெளியவிடாமல் விட்டால், ஆற்றடிக் கூழாங்கல் சந்துகளில் போய் அடையும். சில வகை மீன்கள் முட்டையிடுவது அந்தச் சந்துகளில்தான். முட்டைக்கு மூச்சு வேண்டாமா?

கனடாவின் ஒன்டாரியோவில் மெலங்க்தன் என்ற இடத்தில் 2011-இல் ஒரு விண்ணப்பம் வந்தது. உருளைக்கிழங்கு விளையும் 2,300 ஏக்கருக்கும் மேலான நிலம், அடியில் சுண்ணாம்புப் பாறை. பல ஆறுகளின் தலைப்பகுதி அது. நீர்மட்டத்துக்கு மிகக் கீழே, சுமார் 200 அடி ஆழம் தோண்டத் திட்டம். தோண்டி முடித்த குழியின் அடியிலேயே மறுபடி விவசாயம் செய்யலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அதற்கு ஒரு நாளைக்கு 60 கோடி லிட்டர் தண்ணீரைக் கையாள வேண்டும். எத்தனை வருஷத்துக்கு? முடிவே இல்லாமல். குவாரிக்காரர் போனபின் யார் கரண்ட் பில் கட்டுவார்கள் என்ற ஒரு கேள்விக்கே அந்தத் திட்டம் திணறியது. நிலத்தை விவசாயத்துக்கு என்று சொல்லி வாங்கியிருந்த கோபம் வேறு. 2012 நவம்பரில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

எங்கள் விண்ணப்பம் அவ்வளவு பெரியதில்லை. அதன் ஆய்வறிக்கையை வாங்கிப் படித்தேன். கனமான புத்தகம். பறவைகள், பூச்சிகள், மரங்கள் என்று பட்டியல் பட்டியலாக இருக்கிறது. கிணற்று நீர்மட்டத்துக்கு மட்டும் கிணற்றுக்கு ஒரே ஓர் எண். மழைக்காலம் முடிந்த கையோடு, ஒரே முறை அளந்தது. கிணறு வருஷம் முழுக்க ஏறி இறங்கும் உயிருள்ள பொருள். ஒரு நாள் அளவை வைத்துக்கொண்டு, நாளைக்கு அது குறைந்தால் குவாரியாலா வெயிலாலா என்று எப்படிச் சொல்வீர்கள்? சொல்ல முடியாது. இரண்டு தரப்புக்கும் வசதியான ஓட்டை இது. தண்ணீர் குறைந்தால் ஊர் குவாரியைக் கைகாட்டும், குவாரி மழையைக் கைகாட்டும். என் படுக்கையறை விரிசல்தான், ஆற்றளவுக்குப் பெரிதாக.

ஆதரிக்கிறவர்களை வெறும் காசுக்கு விலைபோனவர்கள் என்று எதிர்ப்புக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எனக்குச் சம்மதமில்லை. உலகம் ஒரு வருஷத்துக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் உடைகல்லும் பயன்படுத்துகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் சொன்னது. ஆளுக்கு வகுத்தால் தினம் 17 கிலோ. நான் இதை எழுதும் அறையின் தரைக்கும் கூரைக்கும் ஜல்லி எங்கேயோ ஒரு குன்றை உடைத்துத்தான் வந்தது. ஆற்று மணலை அள்ளாதே என்று போராடுகிறவர்கள் மாற்றாகச் சொல்லும் எம்-சாண்டும் பாறையை அரைத்துச் செய்வதுதான். ஓர் ஆற்றின் மணலைக் காப்பாற்றப் போய் இன்னோர் ஆற்றோரம் குன்றை உடைக்கிறோம். ஜல்லி கனமான, மலிவான சரக்கு. தூரம் போகப் போக விலையைவிட லாரி வாடகை அதிகமாகிவிடும். அதனால் குவாரியை எங்கேயாவது தொலைதூரத்தில் வையுங்கள் என்பதும் அத்தனை சுலபமில்லை. அந்தத் தொலைதூரத்திலும் யாராவது குடியிருப்பார்கள்.

இதே வாதம் கலிபோர்னியாவில் சாந்தா மார்கரிட்டா ஆற்றின் அருகே நடந்தது. தென் கலிபோர்னியாவில் பெரிதாகத் தடுக்கப்படாமல் ஓடும் கடைசி ஆறுகளில் ஒன்று அது. அருகிலேயே கல் எடுத்தால் தூரத்திலிருந்து வரும் லாரிகள் குறையும், புகை குறையும் என்றது நிறுவனம். பெச்சாங்கா பழங்குடியினருக்கோ குவாரி வரவிருந்த அந்த மலை தங்கள் இனம் தோன்றிய இடம். விவாதம் வருஷக்கணக்கில் ஓடியது. 2012 நவம்பரில் பழங்குடியினர் என்ன செய்தார்கள் தெரியுமா? மொத்தம் 2 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து அந்த நிலத்தையும் குவாரி திட்டத்தையும் தாங்களே வாங்கிவிட்டார்கள். சூதாட்ட விடுதி வருமானம் இருந்ததால் அவர்களால் முடிந்தது. எல்லா ஆற்றங்கரைக்கும் அந்த வசதி இல்லை.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஓயிட்ஸ் பாயிண்ட் என்ற கடலோரக் குவாரியை, மற்ற காரணங்களோடு, அந்தச் சமூகத்தின் அடிப்படை விழுமியங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி 2007-இல் ஆய்வுக்குழு நிராகரிக்கப் பரிந்துரைத்தது. எனக்குப் படிக்க நிறைவாக இருந்தது. ஆனால் அப்படியொரு அளவுகோல் இருப்பதை முன்கூட்டிச் சொல்லவில்லையே என்று அமெரிக்க முதலீட்டாளர்கள் வர்த்தக ஒப்பந்தத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2015-இல் ஜெயித்தார்கள். 2019-இல் கனடா அவர்களுக்கு 70 லட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. மனசு சொல்வதை மட்டும் எழுதிவைத்தால் அதற்கும் ஒருநாள் பில் வருகிறது.

ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவுக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1991-இல் அங்கே ஒரு மலையையே ஆண்டுக்கு 1 கோடி டன் வீதம் வெட்டிக் கப்பலில் ஏற்றத் திட்டம் போட்டார்கள். வேலையில்லாமல் இளைஞர்கள் தீவைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். 1993-இல் மக்களிடம் வாக்கெடுத்தபோது பெரும்பான்மை குவாரிக்கு ஆதரவு. பின்னர் பொது விசாரணை பல மாதம் நடந்தது. அதில் ஓர் இறையியல் பேராசிரியர் விவிலியத்தை வைத்துச் சாட்சி சொன்னார். கனடாவிலிருந்து மிக்மாக் பழங்குடித் தலைவர் ஒருவர் வந்து, தன் மக்களின் புனித மலைக்கும் இதே மாதிரிக் குவாரி வரவிருந்ததைச் சொன்னார். பொறியாளர்களும் ஆயிரம் பக்கம் பேசினார்கள். 1995-இல் மறுபடி வாக்கெடுத்தபோது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் எதிர்ப்பு. அதே தீவு, அதே மலை, இரண்டே வருஷம். விசாரணை என்பது வெறும் சடங்கு என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது எனக்கு இதுதான் தோன்றியது. ஆற அமரக் கேட்டால் மனிதர்கள் மனசு மாறுகிறார்கள். எந்தப் பக்கம் மாறுவார்கள் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அரசு மறுப்புச் சொன்னது 2000-இல், நிறுவனம் முற்றாக விலகியது 2004-இல். தீவு அதுவரை காத்திருந்தது.

நான் இன்னும் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கவில்லை. கேட்டால் இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள். குழி நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கும் என்று எழுதிக் கொடுத்தால் ஒருவேளை சம்மதிப்பேன். நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அதையும் கேட்க முடியும்? அதனால் கிணற்றை அளக்க ஆரம்பித்தேன்.

சுலபமான வேலைதான். நீளமான இரும்பு டேப். அதன் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸைத் தேய்த்து, நுனியில் ஒரு ஈயக்குண்டைக் கட்டி இறக்க வேண்டும். குண்டு தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் இன்னும் கொஞ்சம் விட்டு, கிணற்று வாயில் டேப் எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு மேலே இழுக்க வேண்டும். நனைந்த இடத்தில் சாக்பீஸ் நிறம் மாறியிருக்கும். நனைந்த நீளத்தை அந்த எண்ணிலிருந்து கழித்தால் ஆழம். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால். கிணற்று வாயில் எந்தக் கல்லிலிருந்து அளக்கிறேனோ அதில் சிவப்புப் பெயின்ட் வைத்திருக்கிறேன். பழைய புத்தி, அப்படியே வீட்டுச் சுவரில் இருக்கிற விரிசல்களின் நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டேன். மொத்தம் ஏழு. குவாரி வராமலே ஏழு.

எனக்கு டார்ச் பிடிக்க வருகிறவர் பக்கத்து வீட்டுத் தம்பி. அவருக்கு இரண்டு டிப்பர் லாரிகள். கூட்டத்தில் குவாரி வேண்டும் என்று மைக் பிடித்துப் பேசியவர். முதல் வாரம் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். "நாளைக்குக் கிணறு வத்துனா எங்க தலையிலதான் போடுவீங்க, நானும் கூட இருந்து பாத்துக்கறேன்" என்றார். அப்போதிலிருந்து நோட்டில் இரண்டு கையெழுத்து.

போன ஞாயிறு பதினான்காவது அளவு. டேப்பை நானே இழுத்தேன். சாக்பீஸ் ஈரத்தை டார்ச்சில் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். 11 மீட்டர் 46 சென்டிமீட்டர். போன வாரத்தைவிட நான்கு சென்டிமீட்டர் கீழே. எண்ணை எழுதிவிட்டு நோட்டை மூடப் போனேன். அவர் விரலை வைத்துத் தடுத்தார்.

"நைட்டு நான் கொஞ்ச நேரம் மோட்டார் போட்டேன்ணே. அதையும் எழுதுங்க."